11.6 இன்ச் புது லேப்டாப்பா, பழைய லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280 லேப்டாப்பா?

எக்ஸ்280-ஐயே எடுங்கள், 8 ஜிபி ரேம் உள்ளதாக. மெயில், யூடியூப், பேங்க் வேலைதான், தினமும் பஸ்ஸில் தூக்கிப் போக வேண்டும் என்கிறீர்கள். 12.5 இன்ச் திரை, ஒன்றேகால் கிலோ சுமார். அதற்குப் போதும்.

அந்த 11.6 இன்ச் புது மிஷின் கடையில் பார்க்கும்போதே திணறியது என்கிறீர்கள். அதற்குக் காரணம் அநேகமாக 4 ஜிபி ரேமும், 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவான, வேகம் குறைந்த சேமிப்பும்தான். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே அது. பெட்டியில் "போதும்" என்று எழுதிவிடுவார்கள். குரோமில் பத்து டேப் திறந்தால் தெரியும். அப்டேட் வரும்போது இடமும் பற்றாது.

கடையில் ஒரு சோதனை: நீங்கள் வழக்கமாகத் திறக்கும் தளங்களை எல்லாம் திறந்து, ஒரு வீடியோவையும் ஓடவிடுங்கள். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி 90 சதவீதத்தைத் தொட்டால் விட்டுவிடுங்கள்.

எக்ஸ்280-இல் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது, பின்னால் கூட்ட முடியாது. அதனால் 4 ஜிபி மாடலை மலிவாகத் தந்தாலும் வேண்டாம். பிராசசர் எட்டாம் தலைமுறையா என்றும் பாருங்கள். எக்ஸ்280-இல் ஏழாம் தலைமுறை ஐ3 பிராசசர் உள்ளதும் உண்டு, அதற்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

பேட்டரி மட்டும் அதிர்ஷ்டம்தான். சார்ஜரைக் கழற்றி அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.