கதைமாந்தரின் உள்நோக்கத்தை எப்படி உருவாக்குவது?

இலங்கையின் கிண்ணியாவில் பாதை (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைப்படகு) ஓட்டிய முதியவர் ஒருவரைப் பற்றிக் கதை எழுதியதாகவும், அவர் செய்வதெல்லாம் காரணமற்றதாகத் தோன்றுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பணம் வேண்டும் என்பதும் நோக்கம்தான். ஆனால் அது எவருக்கும் பொருந்துமாதலால் அவரை நமக்குக் காட்டித் தருவதில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் தொழிலிழந்த அம்மனிதர், மகன் வாங்கித் தந்த முச்சக்கரவண்டியைத் தொடாமல், விடியற்காலையில் பழைய துறையடிக்குப் போய் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியே அவர் கேட்பது ஒரு வள்ளம். உள்ளே அவருக்கு வேண்டியது, தன்னை எதிர்பார்த்துக் கரையில் காத்திருக்கும் ஆட்கள். இவ்விரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான், அதாவது வள்ளம் கிடைத்தும் ஏறுவதற்கு எவரும் வராத ஒரு காலையில்தான், கதை நகரத் தொடங்கும்.

அதை அவர் வாயால் சொல்ல வைக்காதீர்கள். (என் தொடக்ககாலக் கதைகளில் எல்லோரும் தம் மனத்தை ஓயாமல் விளக்கிக்கொண்டிருந்தார்கள், எனக்கே அலுப்புத் தட்டியது.) திருகோணமலைக்குப் போகும் பேருந்து பாலத்தில் ஏறும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

அவருடைய முழு வாழ்க்கை வரலாற்றையும் எழுதிவைப்பது கட்டாயமில்லை. எதை இழக்க அஞ்சுகிறார் என்பது தெளிந்துவிட்டால், முச்சக்கரவண்டியை விற்கப்போவதாக மகன் சொல்லும் காட்சியில் அவர் என்ன மறுமொழி கூறுவார் என்பது உங்களுக்குத் தானாகவே தெரியவரும்.