டப்பாவில் 40 சதவீதம், அதில் பால் எவ்வளவு?

கேள்வி: எனக்கு 58 வயது, வீடு காரைக்குடி. முட்டி வலி என்றதும் மகன் சென்னையிலிருந்து சத்து பவுடர் டப்பா ஒன்று அனுப்பியிருக்கிறான். 400 கிராம், 410 ரூபாய். முன்னால் 'ஒரு வேளையில் 40% கால்சியம்' என்று கொட்டை எழுத்து, ஆர்.டி.ஏ. என்றும் போட்டிருக்கிறது. தீர்ந்ததும் மறுபடி வாங்கலாமா? மருமகளோ கவுனி அரிசியே போதும் என்கிறாள். பின்பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: ஆச்சி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. அதற்கான விளக்கம் அடியில் எறும்பு எழுத்தில்: '30 கிராம் பவுடரை 200 மி.லி. பாலில் கலந்தால்'.

200 மி.லி. பசும்பாலிலேயே சுமார் 240 மில்லிகிராம் கால்சியம் உண்டு. டப்பாக்காரர் கணக்கில் ஒரு நாளைக்கான அளவு 1000 மி.கி.; அதில் 40 சதவீதம் என்றால் 400. ஆக, பவுடர் தருவது 160தான். மீதி உங்கள் வீட்டுப் பால்!

ஆர்.டி.ஏ. என்பது ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு. ஆரோக்கியமாக இருக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் போதும்படி சற்று தாராளமாகவே வைப்பார்கள். ஒரு நாள் குறைந்தால் நோய் வந்துவிடாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பட்டியலில் பெரியவர்களுக்குக் கால்சியம் 1000 மி.கி. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1200. டப்பாக்காரர் 1000-ஐ வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். உங்களுக்கு அது பாலையும் சேர்த்தே 33 சதவீதம்தான்.

அடுத்து ஊட்டச்செறிவு. சாப்பிடும் கலோரிக்கு எவ்வளவு சத்து வருகிறது என்பதுதான் அது. வயது ஏற ஏற கலோரி தேவை குறைகிறது, கால்சியம் தேவை குறைவதில்லை. அதனால்தான் இந்தக் கணக்கு உங்களுக்கு முக்கியம். நூறு கலோரிக்கு வெள்ளை அரிசியில் கால்சியம் 2 மி.கி., கேழ்வரகில் சுமார் 114. முருங்கைக்கீரையில் 450-க்கும் மேல், ஆனால் நூறு கலோரிக்கு ஒன்றரைக் கட்டுக் கீரையை யார் தின்பது? ஒரு பிடி போட்டுப் பொரியல் செய்தால் 80 மி.கி. வரை வரும். கொல்லையில் மரம் இருந்தால் காசும் இல்லை.

பவுடரைக் குறை சொல்லவும் முடியாது. 30 கிராமுக்கு 115 கலோரி என்று போட்டிருக்கிறது. செறிவில் கேழ்வரகை விடக் கொஞ்சம் மேலேதான். ஆனால் டப்பா 13 டம்ளரில் காலி, டம்ளருக்கு 31 ரூபாய். அதே 160 மில்லிகிராமுக்கு 45 கிராம் கேழ்வரகு மாவு போதும். கிலோ 60 ரூபாய் என்று வைத்தாலும் மூன்று ரூபாய் ஆகாது. பவுடரில் கூடுதல் சர்க்கரை 9 கிராம் வேறு, கிட்டத்தட்ட இரண்டு ஸ்பூன்.

கவுனி? அதன் கறுப்பு, தவிட்டுத் தோலில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி. நல்லதுதான், ஆனால் கால்சியத்துக்காக வாங்காதீர்கள். அதிலும் தேங்காய், சர்க்கரை, நெய் போட்டு விருந்துக்குச் செய்வதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மறுபடி வாங்க வேண்டாம் என்பேன். பாலும் கேழ்வரகுக் கஞ்சியும் தொடரட்டும். முட்டி வலிக்கு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகக் கல் வந்ததுண்டு என்றால் கீரையின் அளவையும் அவரிடமே கேளுங்கள். மகனிடம் மட்டும் 'நல்லாயிருந்தது' என்று சொல்லிவிடுங்கள். டப்பா மூடி இறுக்கமாகத் தெரிகிறது, மிளகாய்ப்பொடி போட்டு வைக்கலாம்.