நட்சத்திரம் இல்லாத லைசன்ஸ்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: எச்1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்து மூன்று மாதம் ஆகிறது, கைக்கு வந்த டிரைவிங் லைசன்ஸில் ரியல் ஐடி என்கிற மத்திய அரசுத் தரத்தைக் காட்டும் நட்சத்திரம் இல்லை, அது இல்லாவிட்டால் உள்நாட்டு விமானத்தில்கூட ஏற்றமாட்டார்கள் என்று அலுவலக நண்பர் பயமுறுத்துகிறார், டிசம்பரில் சியாட்டல் போக டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா. கூடவே, பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ, அடுத்த மாதம் மனைவி எச்4 என்கிற துணைவர் விசாவில் வருகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். "அக்கா, நீங்கள் இதையெல்லாம் தாண்டித்தானே வந்திருப்பீர்கள்" என்று ஒரு வரி. தாண்டினேன். ஒரு தடவை தடுக்கி விழுந்தும் இருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

முதலில் டிக்கெட்டை எடுங்கள். உங்கள் இந்திய பாஸ்போர்ட்டே போதும். உள்நாட்டுப் பயணத்துக்கு டிஎஸ்ஏ, அதாவது விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையை நடத்தும் துறை, ஏற்றுக்கொள்ளும் அடையாளங்கள் ஒரு நீளமான பட்டியல்; ரியல் ஐடி அதில் ஒன்று, அவ்வளவுதான். வெளிநாட்டு அரசு கொடுத்த பாஸ்போர்ட், கிரீன் கார்டு, இஏடி என்கிற வேலை அனுமதி அட்டை எல்லாமே அதில் இருக்கின்றன. இந்த நட்சத்திரக் கலவரம் பெரும்பாலும் வாழ்நாளில் பாஸ்போர்ட்டே எடுக்காத அமெரிக்கர்களுக்கு உரியது. பாஸ்போர்ட் இல்லாமல் நாம் இங்கே வந்து இறங்கியிருக்கவே முடியாதே.

ஊர்ப் பழக்கத்தில் ஆதாரை நீட்டிவிடாதீர்கள். ஆதார், பான், இந்திய லைசன்ஸ் எதுவும் இங்கே செல்லாது. சென்னையில் விமான நிலைய வாசலிலேயே சிஐஎஸ்எஃப்காரர் டிக்கெட்டையும் அட்டையையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார். இங்கே வாசலில் யாரும் கேட்கமாட்டார்கள், செக்யூரிட்டி வரிசையின் தலையில்தான் முதல் தடவையாகக் கேட்பார்கள். அங்கே போன பிறகு "ஐயோ, பாஸ்போர்ட் வீட்டில்" என்று கையைப் பிசைவதில் பயனில்லை.

உங்கள் நண்பர் பயப்படுவதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ரியல் ஐடி சட்டம் வந்தது 2005 மே மாதத்தில். செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையம், விமானங்களைக் கடத்திய 19 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் ஏதாவது ஒரு அமெரிக்க அடையாள அட்டை வாங்கியிருந்தார்கள் என்று கண்டது. அதனால் மாநிலங்கள் இஷ்டத்துக்கு லைசன்ஸ் கொடுக்கக்கூடாது, ஒரே அளவுகோல் வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. ஒரு வேடிக்கை, இந்தச் சட்டம் தனியாகக்கூட வரவில்லை. ராணுவச் செலவுக்கும் சுனாமி நிவாரணத்துக்குமான நிதி மசோதா ஒன்றின் முதுகில் ஏறி வந்தது. நாகப்பட்டினம் கடற்கரையை வாரிச் சுருட்டியதே, அதே சுனாமிதான். முதல் கெடு 2008. நான் வந்து இறங்கிய வருஷம். அப்போதிருந்து "புலி வருது, புலி வருது" கதைதான். 2020 அக்டோபர் என்றார்கள், கொரோனா வந்ததும் 2021 என்றார்கள், பிறகு 2023 மே. ஒருவழியாக 2025 மே 7 அன்று புலி நிஜமாகவே வந்துவிட்டது. பட்டியலில் உள்ள எதுவும் கையில் இல்லாதவர்களுக்கு 2026 பிப்ரவரி 1 முதல் 45 டாலர் கட்டணம். அதைக் கட்டினால் வேறு வழியில் ஆளை உறுதிசெய்ய முயற்சி செய்வார்கள். பத்து நாள் பயணத்துக்கு அது செல்லும். கட்டிவிட்டாலும் உள்ளே விடுவார்கள் என்று உத்தரவாதம் கிடையாது.

பாஸ்போர்ட்டே போதும் என்றால் நட்சத்திரம் எதற்கு? பாஸ்போர்ட் நம்மிடம் இல்லாத நாட்களுக்காக. அப்படி ஒரு நாள் வராது என்றுதான் நானும் இருந்தேன்.

2012. ஐ-94 என்பது எந்தத் தேதிவரை இங்கே தங்கலாம் என்று சொல்லும் பதிவு. என் ஐ-94 முடிந்த அதே தேதியில் லைசன்ஸும் முடிந்தது. நம்மைப்போல விசாவில் இருப்பவர்களின் ரியல் ஐடி எத்தனை வருஷம் செல்லும் என்பது நாம் தங்க அனுமதித்த தேதியோடு கட்டிப் போடப்பட்டது. குடிமக்களைப்போல நீண்ட ஆயுள் அதற்குக் கிடையாது. எனக்கு இருந்தது சாதா லைசன்ஸ்தான், ஆனால் எங்கள் மாநிலத்தில் அதற்கும் அதே கணக்கு. நீட்டிப்பு கிடைத்ததும் லைசன்ஸ் அலுவலகம் போனேன். பழைய அட்டையில் ஓட்டை போட்டு, ஒரு காகிதத்தைக் கொடுத்து, புது அட்டை தபாலில் வரும் என்றார்கள். காரோட்ட அந்தக் காகிதம் செல்லும். பாஸ்போர்ட்டோ, சர்நேம் சேர்த்துப் புதுப்பிப்பதற்காகத் தூதரகத்தில். அந்த வாரம் பார்த்து மேலாளர் டென்வருக்கு ஒரு பயிற்சிக்குப் போகச் சொன்னார். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அரசு முத்திரை போட்ட காகிதம்தானே!

செக்யூரிட்டியில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இது அடையாள அட்டை இல்லை" என்றார். உண்மைதான், தற்காலிகக் காகித லைசன்ஸை டிஎஸ்ஏ ஏற்பதில்லை, இன்றைக்கும். மேற்பார்வையாளர் வந்தார். ஒரு படிவம் நிரப்பச் சொன்னார். யாரிடமோ போனில் பேசினார், இதற்கு முன் எந்தத் தெருவில் குடியிருந்தேன் என்று கேட்டார். எனக்கு வீட்டு எண் மறந்துபோய்விட்டது. ஆபீஸ் பேட்ஜ், இன்ஷூரன்ஸ் அட்டை, கிரெடிட் கார்டு, கடைசியில் நூலக அட்டைவரை எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். பையைக் கவிழ்த்தார்கள், உடம்பு முழுக்கத் தடவிச் சோதித்தார்கள். கேட் மூட நான்கு நிமிஷம் இருக்கும்போது ஓடி ஏறினேன். அன்றைக்குக் கட்டணம் இல்லை, அது ஒன்றுதான் நல்ல விஷயம்.

ஆகவே ரியல் ஐடி எடுத்து வையுங்கள், அவசரம் இல்லாமல். ஒரு விஷயத்தில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மத்திய விதிப்படி பாஸ்போர்ட்டோடு செல்லுபடியாகும் விசா ஸ்டாம்ப், ஐ-94 ஆகியவை சேர்ந்தால் அது ஏற்கத்தக்க ஆவணம். உங்களுக்கு ஸ்டாம்ப் இப்போது புத்தம் புதிதாக இருக்கிறது. மூன்று வருஷம் கழித்து ஸ்டாம்ப் காலாவதியாகி, இங்கேயே நீட்டிப்பு வாங்கி உட்கார்ந்திருப்பீர்கள். சட்டப்படி அதில் தப்பில்லை, ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு அதை விளக்க உங்களுக்கு அரைநாள் விடுப்பு வேண்டும்.

போவதற்கு முன் ஐ-94ஐ இணையத்தில் இறக்கிப் பாருங்கள். வந்து மூன்று மாதமாகிறது, பார்த்தீர்களா? பாதிப் பேர் பார்ப்பதில்லை. பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால், உங்களுக்காகக் கம்பெனி வாங்கிய பெட்டிஷன் மூன்று வருஷத்துக்கு இருந்தாலும், பாஸ்போர்ட் முடியும் தேதிவரைக்கும்தான் விமான நிலையத்தில் ஐ-94 போட்டுக் கொடுத்திருப்பார்கள். லைசன்ஸும் அதோடு முடியும். அதைவிட முக்கியம், உங்கள் தங்கும் அனுமதியே அதோடு முடியும். பெயரிலோ தேதியிலோ அதிகாரியின் கைப்பிழை இருந்தால் எல்லையில் நம்மை உள்ளே விடும் துறையான சிபிபி-யின் டிஃபெர்ட் இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகத்தில் திருத்திக்கொள்ளலாம். லைசன்ஸ் கவுண்டரில் திருத்த முடியாது.

மற்றபடி கேட்பது சோஷியல் செக்யூரிட்டி எண்ணும், வசிப்பிடத்துக்கு இரண்டு சான்றும். வாடகை ஒப்பந்தம், வங்கி அறிக்கை, கரண்ட் பில், இப்படி. தபால்பெட்டி முகவரி உதவாது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அலுவலகத்தின் பெயரே மாறுகிறது, பல இடங்களில் டிஎம்வி, டெக்சாஸில் டிபிஎஸ், நியூ ஜெர்சியில் எம்விசி, ஒஹையோவில் பிஎம்வி. அதனால் வேறு மாநில நண்பர் கொடுத்த பட்டியலை நம்பிப் போகாதீர்கள். உங்கள் மாநிலத் தளத்தில் இருப்பதை அப்படியே அச்செடுத்து, ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு போங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் "உங்கள் ஸ்டேட்டஸ் சரிபார்ப்பில் இருக்கிறது, காத்திருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் பதறவேண்டாம். லைசன்ஸ் அலுவலகம் நம் குடிவரவுப் பதிவை சேவ் என்கிற முறையில் சரிபார்க்கிறது, அதை நடத்துவது குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ். கணினி உடனே "ஆம்" என்றால் வேலை அன்றே முடியும். பொருந்தாவிட்டால் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்கவேண்டும், அதற்கு நாளாகும். சேவ் கேஸ்செக் தளத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கவுண்டரில் இருப்பவரோடு சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் ஒன்றுமில்லை.

பொருந்தாமல் போவதற்கு நம் ஆட்களிடம் ஒரு பெரிய காரணம் பெயர். குடும்பப்பெயர் என்ற ஒன்றே நமக்குக் கிடையாது. இருப்பது நம் பெயரும், முன்னால் ஒட்டிக்கொண்ட அப்பாவின் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேமாகி, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது "முதல் பெயர் தெரியாது", வந்து உட்கார்ந்துவிடும். ஐந்து வருஷம் நான் அந்தப் பெயரோடு வாழ்ந்தேன். மருந்துக் கடையில் "ஃப்னூ, ஃப்னூ" என்று கூப்பிடுவார்கள். லைசன்ஸ் கவுண்டரில் ஒருவர், "அழகான பெயர், எந்த நாட்டுப் பெயர்?" என்று கேட்டார். அலுவலகத்தில் என்னையும் சேர்த்து மூன்று எஃப்என்யூ, மின்னஞ்சல்கள் மாறிப்போகும்.

என் அபிப்பிராயம்: ஒன்று எஃப்என்யூவோடு சமாதானமாக இருங்கள், இல்லை முழுக்க மாற்றுங்கள். பாதியில் நிற்பதுதான் ஆபத்து. நான் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்த கையோடு லைசன்ஸையும் மாற்றப் போனேன், ஆறு வாரம் இழுத்தது. ஏனென்றால் குடிவரவுப் பதிவில் நான் இன்னும் எஃப்என்யூ. அங்கே அடுத்த விசாவிலோ நீட்டிப்பிலோ பெயர் மாறிய பிறகு சோஷியல், லைசன்ஸ், வங்கி என்று போயிருந்தால் பிரச்சினை இருந்திருக்காது. சேவ் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். நீங்கள் இப்போது ரியல் ஐடிக்குப் போனால் ஐ-94இல் இருப்பது எழுத்துக்கு எழுத்து லைசன்ஸிலும் வரட்டும், அசிங்கமாக இருந்தாலும்.

மனைவிக்கும் பறக்க பாஸ்போர்ட் போதும். ரியல் ஐடி வேண்டுமானால் அவருக்குத்தான் கொஞ்சம் அலைச்சல். வேலை அனுமதி இல்லாத எச்4-க்கு சோஷியல் எண் கிடைக்காது. தகுதி இல்லை என்று சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிவரச் சில மாநிலங்கள் கேட்கும். முகவரிச் சான்றும் அவர் பெயரில் எதுவும் இருக்காது. அதனால் அவர் வருவதற்கு முன்பே வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள், வந்ததும் வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குங்கள். திருமணச் சான்றிதழ் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதில் அவர் பெயர் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து என்று இருந்தால் ஊரிலேயே சரிசெய்துகொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு அக்காவாகச் சொல்கிறேன், கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்காக இப்போது அவர் பெயரில் உங்கள் பெயரை ஒட்டாதீர்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெரியவர்களோடு பறந்தால் அட்டையே கேட்கமாட்டார்கள். பெற்றோர் சுற்றிப்பார்க்க வந்தால் பாஸ்போர்ட்தான், வேறு எதற்கும் அலையவேண்டாம்.

நட்சத்திரம் கைக்கு வந்தபின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கலாம். ஆனால் ஐ-94 அச்சுப்பிரதி ஒன்று பையிலேயே இருக்கட்டும். பதினெட்டு வயதான வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம், ரியல் ஐடி அதற்கு ஈடாகாது.

சியாட்டல் டிக்கெட்டுக்கு வருவோம். விமான நிறுவனப் படிவம் இரண்டு பெயரும் இல்லாமல் நகராது. முதல் பெயரில் எஃப்என்யூ, கடைசிப் பெயரில் உங்கள் பெயர், விசாவில் உள்ளபடி. நான் ஐந்து வருஷமும் அப்படித்தான் பறந்தேன், யாரும் நிறுத்தவில்லை. போர்டிங் பாஸில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, நீளமான பெயரின் வால் வெட்டுப்பட்டாலோ கவலைப்படாதீர்கள், அது அவர்கள் அச்சுப் பழக்கம். மைலேஜ் கணக்கு ஏற்கெனவே வேறு பெயரில் திறந்திருந்தால் மட்டும் அதை முதலில் மாற்றுங்கள். டிக்கெட் எடுக்கும்போது அது தானாக அந்தப் பெயரை இழுத்துப் போட்டுவிடும்.