கசகசாவை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள், தம்பி

தம்பி, சிங்கப்பூரில் வேலை கிடைத்து அடுத்த மாதம் வருகிறீர்கள், கல்கத்தாவில் வேலை பார்த்தபோது பழகிய பெங்காலி வீட்டுச் சாப்பாட்டை இங்கே வந்ததும் நண்பர்கள் பத்துப் பேருக்கு உங்கள் கையால் சமைத்துப் போட வேண்டும், அதற்கு ஊரிலிருந்து என்னென்ன எடுத்து வரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்த வட்டாரத்தில் வீடு பார்ப்பது, எந்த வங்கியில் கணக்கு, நிரந்தரவாசத்துக்கு எப்போது எழுதிப் போடுவது என்று ஒரு மூட்டைக் கேள்விகள். வங்கியெல்லாம் அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள். நான் சாப்பாட்டு விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியலில் 'கசகசா அரை கிலோ' என்று இருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது.

கசகசா அபினிச் செடியின் விதை, இங்கே தடை செய்யப்பட்ட பொருள். கொஞ்சம்தானே, சமையலுக்குத்தானே என்ற பேச்சே கிடையாது. போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு பார்க்கிற விஷயம் அது, சாங்கி விமான நிலையத்தில் நின்றுகொண்டு கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு, அதாவது ஆலு போஸ்தோ, செய்முறை விளக்கினால் யாரும் கேட்க மாட்டார்கள். துபாயிலும் சவூதியிலும் இதே கதைதான், அங்கே மாட்டிக்கொண்ட நம் ஆட்கள் பற்றி நீங்களே படித்திருப்பீர்கள். பாக்கெட்டாகக் கொண்டுவந்தால்தான் ஆபத்து என்று இல்லை. அம்மா பாசமாக அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் கசகசா இருக்கும், பக்கத்து வீட்டு மாமி கொடுக்கும் கறி மசாலாவிலும் இருக்கும். என்ன போட்டு அரைத்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் பெட்டியை மூடுங்கள். ஒரு காலத்தில் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஏலம் விட்ட அபினி இந்தத் துறைமுகத்தைத் தொட்டுத்தான் கிழக்கே போனது, இங்கிருந்த வெள்ளைக்கார அரசாங்கமே அபினிக் குத்தகையில் வருமானம் பார்த்தது, இப்போது அந்தச் செடியின் விதைக்குக்கூட இடமில்லை. சரி, நல்லதுதான்.

அதனால் ஆலு போஸ்தோவை மறந்துவிடுங்கள். வெள்ளை எள்ளையும் முந்திரியையும் அரைத்துப் போட்டு 'போஸ்தோ மாதிரி' என்று பரிமாறுகிறவர்கள் உண்டு. உருளைக்கிழங்கு எள்ளு என்று சொல்லிப் பரிமாறினால் நானும் சாப்பிடுவேன், நன்றாகத்தான் இருக்கும். போஸ்தோ என்று சொன்னால் பாங்குரா, பீர்பூம் பக்கத்து ஆள் யாராவது உங்கள் விருந்தில் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நான் யார் இதையெல்லாம் சொல்ல என்றால், நான் கல்கத்தாத் தமிழச்சி. லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அந்த வட்டாரத்தில் இட்லிக் கடையும் மல்லிகைப்பூவும் எவ்வளவு சகஜமோ அவ்வளவு சகஜம் மீன்காரர் தரையில் அரிவாளை நிறுத்தி வைத்து ரூயி (ரோகு) மீனைப் பிளப்பதும். எங்கள் வீட்டில் சுத்த சைவம், மாடியில் இருந்த பெங்காலி மாசிமா (சித்தி மாதிரி) வீட்டில் நான் எல்லாம் சாப்பிடுவேன், அம்மாவுக்குத் தெரியும், கேட்க மாட்டாள்.

இங்கே நான் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில், ஒய்டுகே, 2000ஆம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதியில் குழம்பிவிடும் என்ற பயத்தில், உலகமே கம்ப்யூட்டர் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம். தோ பாயோவில் ஒரு வீவக வீட்டில், அதாவது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீட்டில், ஒரு அறை. 'லைட் குக்கிங்' அனுமதி உண்டு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டு அகராதியில் அதற்கு அர்த்தம் வெந்நீர், மேகி, முட்டை. கடுகு தாளித்தால் வீட்டுக்காரம்மா அறையிலிருந்து வெளியே வந்து ஒன்றும் பேசாமல் ஜன்னல் ஒவ்வொன்றாகத் திறப்பார். ராத்திரி அவர்கள் சமைத்து முடித்துத் துடைத்த பிறகுதான் அடுப்பு எனக்கு. பல நாள் தயிர்சோறும் ஊறுகாயும். இப்போதும் வாடகை விளம்பரங்களில் இந்த வார்த்தையை நீங்கள் பார்ப்பீர்கள், 'சமையல் கூடாது' என்றும் பார்ப்பீர்கள், இந்தியர் வேண்டாம் என்று வளைத்துச் சொல்வதற்கும் சிலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். எந்த வட்டாரம் என்று கேட்டீர்களே, எந்த வட்டாரமானாலும் சரி, மீன் பொரிக்கலாமா, கடுகெண்ணெய் காய்ச்சலாமா, மாதம் ஒருமுறை ஆட்களைக் கூப்பிடலாமா என்று நேராகக் கேட்டு, பதிலை வாட்ஸப்பில் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

பக்கத்து வீடு இன்னொரு பாடம். 2011இல் இங்கே ஒரு கறிக் கலாட்டா நடந்தது. சீனாவிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து இந்திய வீட்டுக் கறி வாசனை பிடிக்கவில்லை, சமரச மையம் வரை போய், அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி வைப்பது என்று ஒப்பந்தமானதாகப் பத்திரிகையில் வந்தது. ஊரே கொதித்துப் போய், ஆகஸ்டு 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரு சட்டி கறி வைப்போம் என்று கிளம்பினார்கள், சீனர், மலாய்க்காரர், தமிழர் பேதமில்லாமல். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு அந்த ஞாயிறும் ஒரு காரணம். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு நீங்கள் அக்கம்பக்கத்தை மறந்துவிடக் கூடாது. வீவக வீடுகளில் சமையலறை ஜன்னலுக்கு வெளியேதான் மூங்கில் கம்பில் துணி காயும். நீங்கள் கடுகெண்ணெயைப் புகைய விட்டால் மேல்வீட்டு அண்ட்டியின் படுக்கை விரிப்பில் அந்த வாசனை இரண்டு துவைப்புக்கு நிற்கும். சமைக்கும் முன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒருமுறை மேலே பாருங்கள். நான் செய்வது அதுதான். துணி இருந்தால் எண்ணெய் வேலையைத் தள்ளி வைத்துக் காய் நறுக்குவேன்.

கடுகெண்ணெய் ஊரிலிருந்து தூக்கி வர வேண்டாம், பெட்டியில் ஒழுகினால் உங்கள் சட்டை எல்லாம் போச்சு. லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகள் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டிய பாட்டிலை வாங்கித்தான் சமைக்கிறாள். அதில் எரூசிக் அமிலம் அதிகம் என்று அங்கே சமையல் எண்ணெயாக விற்க விடுவதில்லை. எண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி, நிறம் வெளுத்ததும் தீயைக் குறைத்துவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பச்சையாகத் தொண்டையில் ஏறுகிற காரம் அப்போதுதான் அடங்கும்.

மீன். நீங்கள் நிச்சயம் இலிஷ் வாங்கத்தான் ஓடுவீர்கள், நம் ஊர் உல்லம் மீன்தான் அது. அதே லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தையில் ஐஸ் கட்டியாகக் கிடக்கும். பங்களாதேஷ் மீன் என்று சொல்லி விற்பதில் பாதி பர்மா மீன் என்பது என் சந்தேகம், எதுவானாலும் விலை கண்ணைக் கட்டும். அதோடு முள். பத்துப் பேரில் பெங்காலிகள் இரண்டு பேர்தான் என்கிறீர்கள், மற்றவர்கள் முள்ளோடு போராடிக்கொண்டிருந்தால் விருந்து எங்கே நடக்கும்? நான் சொல்வதைக் கேளுங்கள், பெங்காலிகள் பேட்கி என்று கொண்டாடுகிற மீன் நம் கொடுவாதான், இங்கே சியாகாப் என்று கேட்டால் துடிக்கத் துடிக்கக் கிடைக்கும், சிங்கப்பூர்க் கடல் பண்ணைகளிலேயே வளர்க்கிறார்கள். முள் நீக்கித் துண்டம் போடச் சொல்லி வாங்கி வந்து பாத்தூரி செய்யுங்கள். மஞ்சள் கடுகு ரெண்டு பங்கு, கருங்கடுகு ஒரு பங்கு, வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, உப்பும் பச்சைமிளகாயும் சேர்த்து அரைக்க வேண்டும். மிக்ஸியை விட்டு விட்டுச் சுற்றுங்கள், ஒரேயடியாக ஓட விட்டால் சூடேறிக் கசந்துவிடும். தேங்காய்த் துருவல், மஞ்சள்தூள், ஒரு கரண்டி பச்சைக் கடுகெண்ணெய், அவ்வளவுதான். மீனில் பூசி வாழையிலையில் கட்டி ஆவியில் வேகவையுங்கள். இலை தேக்காவிலேயே இருக்கிறது. புகையும் கிடையாது, மேல்வீட்டு அண்ட்டிக்கும் நிம்மதி.

வீட்டுச் சாப்பாடு என்றீர்கள் அல்லவா, அப்படியானால் வரிசை முக்கியம். நாம் இலையில் முதலில் இனிப்பு வைப்போம், மாசிமா வீட்டில் முதலில் கசப்பு. சுக்தோ இல்லாமல் பகல் விருந்து தொடங்காது. பாகற்காயைத் தனியாக வறுத்து வைத்துக்கொண்டு, முருங்கைக்காய், வாழைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கத்தரிக்காய் எல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கி வேகவைத்து, இஞ்சி விழுது, கொஞ்சம் கடுகு விழுது, கடைசியில் பாலும் நெய்யும். மிளகாய்த்தூள் கிட்டவே வரக் கூடாது. உளுந்து வடகத்தை வறுத்து மேலே போடுங்கள், ஊரிலிருந்து தூக்கி வரத் தகுந்த சாமான் அது ஒன்றுதான். அத்தனை காயும் நம் வீட்டுக் காய்தானே, அதனால்தான் பெங்காலி வீட்டுச் சமையலுக்குத் தமிழன் வெளியூர்க்காரன் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். வாழைப்பூவைக் கள்ளன் எடுத்து ஆய்ந்து, உருளைக்கிழங்கோடு கிளறுகிற மோச்சார் கொண்டோவை உங்கள் அம்மா ஒரு தடவை பார்த்தால் போதும், மறுநாள் செய்துவிடுவார்.

அப்புறம் தேங்காய்த் துண்டும் திராட்சையும் போட்ட கடலைப்பருப்பு, கத்தரிக்காய் வறுவல், ஆட்டிறைச்சி. இறைச்சிக்கு ஒரு வழி மட்டும் சொல்கிறேன், காய்ந்த எண்ணெயில் முதலில் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டுப் பழுப்பாக்கிவிட்டு வெங்காயம் போடுங்கள், நிறம் தானாக வரும், கலர்ப்பொடி வேண்டாம். பிறகு பொறுமைதான், சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், குக்கரில் விசில் விட்டு இறக்கினால் அது வேறு குழம்பு. தக்காளி, பேரீச்சம்பழச் சட்னி, அப்பளம், பாயேஷ் என்கிற பெங்காலிப் பாயசம். கோபிந்தபோக் அரிசி கிடைக்கவில்லை என்றால் சீரகச் சம்பா போடுங்கள். குளிர்காலத்துப் பேரீச்சைப் பனைவெல்லத்துக்குப் பதில் இங்கத்துப் பனைச் சர்க்கரையான குலா மலாக்கா. என் பெங்காலி சிநேகிதிகள் இரண்டாவது கிண்ணம் கேட்டிருக்கிறார்கள்.

நம் ஆட்கள் சிலரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கூட்டுரிமை வீட்டுக்கு, அதாவது தனியார் காண்டோவுக்கு, போனதும் பெங்காலி விருந்து என்று அழைப்பு அனுப்பி, கேட்டரிங்கில் பட்டர் சிக்கனும் டப்பா ரசகுல்லாவும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு லெம்பு ரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை போவதென்றால் முகம் சுளிக்கும். பங்களாதேஷ் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் கூடுகிற இடம் அது, கட்டடம் கட்டுகிற பிள்ளைகள். கல்கத்தாவிலிருந்து வந்த சில பெரிய உத்தியோகக்காரர்கள்கூட அந்தப் பையன்களிடம் வங்காளத்தில் பேச மாட்டார்கள், ஆங்கிலத்தில் விலை கேட்பார்கள், பார்க்க எனக்கே கூசும். டெஸ்கர் சாலைப் பக்கத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்து மீன் தலை போட்ட பாசிப்பருப்பு சாப்பிட்டுப் பாருங்கள். நான் என் உடைந்த கல்கத்தா வங்காளத்தில் 'மாமா, பருப்பில் சர்க்கரை போடவில்லையா' என்று கேட்டால், அது உங்கள் பக்கத்து வழக்கம், எங்கள் ஊரில் கிடையாது என்று சிரிப்பார்கள். உங்கள் இரண்டு பெங்காலி நண்பர்களில் ஒருவர் கிழக்கு வங்காளப் பூர்வீகம், ஒருவர் மேற்கு என்றால் சாப்பாட்டு மேசையில் இந்தச் சண்டை கட்டாயம் வரும். கூடவே இலிஷா இறாலா, கால்பந்தில் ஈஸ்ட் பெங்காலா மோகன் பகானா என்பதும் வரும். நடுவில் நீங்கள் பேசாதீர்கள், சோறு மட்டும் போடுங்கள்.

விருந்து ஞாயிறு என்றால் சியாகாப் பத்துப் பேருக்கு வேண்டும் என்று மீன்காரரிடம் வெள்ளிக்கிழமையே சொல்லி வையுங்கள், தேக்காவில் தமிழிலேயே பேசலாம். ஞாயிறு மத்தியானம் போனால் கூட்டத்தில் நிற்கவே இடமிருக்காது. நிரந்தரவாசம் பற்றி என்னைக் கேட்காதீர்கள், நான் வாங்கிய காலமே வேறு.