சராசரி பற்றிய கூற்றைச் சோதிப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ஒரு பேட்டரி சராசரியாக 50 மணி நேரம் உழைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. 25 பேட்டரிகளை ஓடவிட்டுப் பார்த்தேன். சராசரி 48.8 மணி, திட்டவிலக்கம் 3. கூற்று பொய்தானே சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். வேறு 25 பேட்டரிகளை எடுத்திருந்தால் சராசரியும் வேறாக வந்திருக்கும். அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். பேட்டரிக்குப் பேட்டரி ஆயுள் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் திட்டவிலக்கம் 3-ஐ, 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால் 0.6. இதுதான் திட்டப்பிழை. 50-க்கு நீங்கள் 1.2 மணி கீழே இருக்கிறீர்கள். 1.2-ஐ 0.6-ஆல் வகுத்தால் 2. வித்தியாசம் எத்தனை திட்டப்பிழை என்று சொல்லும் இந்த எண்தான் டி மதிப்பு; கீழே இருப்பதால் −2. இன்மைக் கருதுகோள், அதாவது சோதிப்பதற்காக உண்மை என்று எடுத்துக்கொள்ளும் கூற்று, ‘சராசரி 50-தான்’ என்பது. 25-இல் ஒன்றைக் கழித்து, டி அட்டவணையில் 24-க்கு நேரே பாருங்கள்: 5 சதவீத மட்டத்தில் (உண்மையான கூற்றைத் தவறாக நிராகரிக்க 5 சதவீத வாய்ப்பு மட்டும் விட்டு), கூடுதல், குறைவு இரண்டையும் பார்க்கும் இருபுறச் சோதனைக்கு எல்லை 2.064. நீங்கள் அதைத் தாண்டவில்லை. கூற்றை நிராகரிக்க முடியாது.

கேள்வி: அதே அட்டவணையில் ஒருபுறச் சோதனைக்கு எல்லை 1.711 என்று இருக்கிறதே? அதன்படி நிராகரிக்கலாமே?

பதில்: நல்ல கேள்வி, பலர் சறுக்கும் இடமும் இதுதான். ‘குறைவாக உழைக்கிறதா’ என்பது மட்டுமே உங்கள் சந்தேகம், அதையும் சோதனைக்கு முன்பே முடிவு செய்திருந்தீர்கள் என்றால் தாராளமாக நிராகரிக்கலாம். 48.8-ஐப் பார்த்த பிறகு ஒருபுறத்துக்குத் தாவினால் அது செல்லாது. 51.2 வந்திருந்தால் மறுபுறம் தாவியிருப்பீர்கள் இல்லையா? அப்போது 5 சதவீதம் என்று சொல்லிக்கொண்டு 10 சதவீதத் தவறுக்கு இடம் கொடுத்துவிடுகிறீர்கள். தரவு கைக்கு வருமுன் கருதுகோள், பக்கம், மட்டம் மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுவிடுவது என் வழக்கம். நீங்களும் செய்து பாருங்கள்.

கேள்வி: இருபுறச் சோதனையில் பி மதிப்பு 0.057. கூற்று உண்மையாக இருக்க 5.7 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமா?

பதில்: இல்லவே இல்லை. சராசரி உண்மையிலேயே 50 என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதற்கு மேலோ விலகிய முடிவு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு அது. இந்தக் குழப்பம் எவ்வளவு பரவலானது என்றால், அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் பி மதிப்பு பற்றித் தனி அறிக்கை வெளியிட்டுத் தெளிவுபடுத்தியது.

கேள்வி: டி எல்லைக்குப் பதிலாக, திட்டவிலக்கம் முன்பே தெரிந்திருக்கும்போது பயன்படும் இசட் சோதனையின் எல்லையான 1.96-ஐ எடுத்தால் என்ன?

பதில்: எடுத்தால் நிராகரித்துவிடுவீர்கள், தவறாக. திட்டவிலக்கத்தையும் அதே 25-இலிருந்துதான் கணித்தீர்கள், அதுவும் ஆடும். சிறிய மாதிரியில் அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்த்தவர், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட். 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அதை எழுதினார்.

கேள்வி: 25 பேட்டரியும் ஒரே பெட்டியில் இருந்தவை. பரவாயில்லையா?

பதில்: அப்படியானால் உங்கள் கணக்கு அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேசும்.

கேள்வி: சரி, நிராகரிக்க முடியவில்லை. அப்போது சராசரி 50 என்று நிரூபணமாகிவிட்டதா?

பதில்: இல்லை. 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை, அதாவது உங்கள் தரவோடு ஒத்துப்போகும் சராசரிகளின் வரம்பை, போட்டுப் பாருங்கள்: 47.56 முதல் 50.04 வரை. 50 மயிரிழையில் உள்ளே இருக்கிறது. 48-ம் உள்ளேதான் இருக்கிறது. 25 பேட்டரிகளால் இவ்வளவுதான் சொல்ல முடியும். முடிந்தால் புதிதாக 100 எடுங்கள். திட்டவிலக்கம் 3 ஆகவே இருந்தால் திட்டப்பிழை 0.3-ஆகச் சுருங்கும். அதே 1.2 மணி வித்தியாசம் மறுபடி வந்தால் டி மதிப்பு −4.