அடைப்புக்குறிக்கு 31 கமென்ட்

கேள்வி: மென்பொருள் துறையில் நான்கு ஆண்டு அனுபவம். இந்த டீமில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. வரியை உள்ளே தள்ள டேப்பா ஸ்பேஸா, அடைப்புக்குறி அதே வரியிலா அடுத்த வரியிலா என்று கோட் ரிவ்யூ (ஒருவர் எழுதிய நிரலைச் சக ஊழியர்கள் சரிபார்ப்பது) முழுக்கச் சண்டைதான். போன மாதம் நான் அனுப்பிய சின்ன மாற்றத்துக்கு 31 கமென்ட் வந்தது. இரண்டு நாள் வாதாடிவிட்டு அப்ரூவ் செய்தார்கள். லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) டேட்டாபேஸ் குவெரி (தகவல் கேட்கும் கட்டளை) ஓடியதை ஒருவரும் கவனிக்கவில்லை. புரொடக்‌ஷனில் (பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் இடத்தில்) அந்தப் பக்கம் திறக்கவே அரை நிமிடம் ஆனது. பழி என் தலையில். உண்மையைச் சொன்னால் அந்த இடம் எனக்கு முதலிலேயே உறுத்தியது, கேட்கத் தயங்கிவிட்டேன். இந்தச் சண்டைகளில் நானும் குதிக்க வேண்டுமா, ஒதுங்கி இருக்கலாமா, வேலையையே மாற்றிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இதற்காக வேலையை மாற்றாதீர்கள். நீங்கள் போகிற இடத்தில் டேப்பும் ஸ்பேஸும் உங்களுக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கும். அடைப்புக்குறிக்காக ஒரு முழு மத்தியானத்தைத் தொலைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். (ஜெயித்தேன். அந்த புராஜெக்டையே ஆறு மாதத்தில் மூடிவிட்டார்கள்.)

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த லூப்தான். ஐந்து ரெக்கார்டை வைத்து டெஸ்ட் செய்யும்போது பட்டியலை எடுக்க ஒரு குவெரி, ரெக்கார்டுக்கு ஒன்று, ஆக ஆறு. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதே கோட் புரொடக்‌ஷனில் மூவாயிரம் ரெக்கார்டைப் பார்த்தால் 3,001 தடவை டேட்டாபேஸுக்கு நடையாய் நடக்கும். இதைப் பிடிக்க, திரையில் இல்லாத ஒன்றை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பேஸ் கூடக்குறைய இருப்பதைப் பிடிக்கக் கண் இருந்தால் போதும். எல்லாரும் சுலபமான பக்கம் போய்க் குவிந்தது அதனால்தான். 1957-ல் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் இதையே கிண்டலடித்தார்: அணு உலைத் திட்டத்துக்குச் சில நிமிடங்களில் தலையாட்டிய குழு, சைக்கிள் கொட்டகைக்கு எந்தக் கூரை போடுவது என்று முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறது. ‘பைக்‌ஷெட்’ என்று உங்கள் சீனியர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்களே, அந்தக் கொட்டகைதான்.

அடைப்புக்குறிக் கட்சிக்காரர்கள் உடனே 2014-ஐ இழுப்பார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய பிழை அது. ‘கோடூ ஃபெயில்’ (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற ஒரே வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தடவை. முதல் வரி மேலே இருந்த ‘இஃப்’ என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவதும் அதே அளவு உள்ளே தள்ளி, நல்ல பிள்ளை மாதிரி நின்றது. ஆனால் எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் ஓடியது. பாதுகாப்பான இணைப்பில் எதிர்முனையின் கையொப்பத்தைச் சரிபார்க்கிற கட்டத்துக்கு நிரல் போய்ச் சேரவே இல்லை. எந்தெந்த வரி ‘இஃப்’புக்கு உட்பட்டது என்று காட்டும் அடைப்புக்குறி இருந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஒவ்வொரு ரிவ்யூவிலும் ஆள் போட்டுக் காவல் காக்க வேண்டுமா? கண்ணை ஏமாற்றும் இப்படிப்பட்ட உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கிற வசதி, 2016-ல் வந்த ஜிசிசி 6 கம்பைலரிலேயே (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) இருக்கிறது.

ஆகவே வடிவத்தை மெஷினிடம் விட்டுவிடுங்கள். 2009-ல் வெளிவந்த கோ என்ற நிரல்மொழி, கையோடு ஒரு ஃபார்மேட்டரையும் (கோடின் வடிவத்தைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவி) கொண்டுவந்தது. அது போடுகிற வடிவத்தைப் பிடித்துப்போய் யாரும் ஏற்கவில்லை. சண்டை ஓய்ந்ததே பெரிய நிம்மதி. உங்கள் டீம் லீடிடம் “ஃபார்மேட்டரைப் போட்டுவிடலாமா, செட்டப்பை நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று கேட்டுப் பாருங்கள். வேலையைத் தானே இழுத்துப்போட்டுக்கொள்கிறவருக்கு மறுப்புச் சொல்வது கஷ்டம். பழைய கோட் முழுவதையும் தனியாக ஒரே கமிட்டில் (ஒரு தடவையில் பதியும் மாற்றம்) மாற்றுங்கள். வேறு எந்தத் திருத்தத்தையும் அதில் கலக்காதீர்கள். கலந்தால் எது வடிவம், எது லாஜிக் என்று பின்னால் யாருக்கும் விளங்காது.

டேப் விஷயத்தில் மட்டும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அது வெறும் ருசிச் சண்டை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பார்வையற்ற புரோகிராமர் பிரெயில் கருவியில் கோட் படிக்கும்போது ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு கட்டத்தை விழுங்கிவிடும், டேப் என்றால் அவரவர் வசதிக்கு அகலத்தைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். டீமில் ஒருவருக்கு அந்தத் தேவை இருந்தால் அதற்குமேல் விவாதம் எதற்கு?

பெயர் பற்றிய கமென்ட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ‘டேட்டா2’ என்று வேரியபிளுக்குப் பெயர் வைத்ததைக் கேள்வி கேட்கிறவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

இனி, குதிப்பதா ஒதுங்குவதா? பழி முழுக்க உங்கள் மேல் விழுந்தது நியாயமில்லை. அப்ரூவ் செய்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கோடில் எங்கே ஓட்டை இருக்கும் என்று டீமிலேயே அதிகம் தெரிந்தவர் அதை எழுதிய நீங்கள்தான். வாதாடும் சுபாவம் உங்களுக்கு இல்லையென்றால் வாதாட வேண்டாம். அடுத்த புல் ரெக்வெஸ்ட்டை (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) அனுப்பியதுமே, மற்றவர்கள் வாய் திறப்பதற்குள், முதல் கமென்ட்டை நீங்களே போடுங்கள்: “இந்தக் குவெரி லூப்புக்குள் இருக்கிறது. ரெக்கார்டு அதிகமானால் தாங்குமா என்று சந்தேகம். இதை மட்டும் நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.” எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் அடைப்புக்குறியைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

அப்புறமும் ஒருவர் அடைப்புக்குறிக்கே வந்தால், “சரி, மாற்றிவிட்டேன்” என்று மாற்றிவிட்டு, “குவெரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே” என்று கேளுங்கள்.