ஏ.எல். முடித்து நாய் உணவுக் கம்பனி தொடங்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஹட்டன், பதுளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என் பதில்: வியாபாரக் கணக்கு பிறகு. முதலில் 'முழுமையான உணவு' விளங்க வேண்டும். வேறெதுவும் கொடுக்காமல், அதை மட்டுமே தின்று நாய் நலமாக வாழ முடிந்தால் அது முழுமையான உணவு. ரொட்டியும் சம்பலும் வயிற்றை நிரப்பும். அதிலேயே பிள்ளை வளருமா? வெறும் சோறும் கோழியும் அப்படித்தான். இறைச்சியில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் மிகக் குறைவு. கல்சியம் போதாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். குட்டியின் கால் வளையும்.

இதைப் படிக்கக் கொழும்புக்கு ஓட வேண்டாம். உயர்தரத்தில் உயிரியல் எடுத்தால் பேராதனையில் மிருக வைத்திய பீடம், பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம்.

நாய் உணவையே பூனைக்கும் போடலாம் என்பது தப்பு: பூனைக்கு டோரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைக்க வேண்டும், குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.